அக்ரிலிக் மீன் தொட்டியில் கீறல்: தேய்த்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

வைகை வடகரை எழுதியது:

மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். ஒரு கிளினிக்கைக் காலி செய்தபோது பாதி விலைக்குக் கிடைத்த அக்ரிலிக் தொட்டி. அதே கனமுள்ள கண்ணாடியில் பாதி எடைகூட இல்லை என்பதால் நானும் மைத்துனரும் மட்டுமே தூக்கிக் குட்டி யானையில் ஏற்றிவிட்டோம். உடையக் கூடாது என்று நான்கு பக்கமும் சணல் சாக்கைச் சுற்றியதுதான் வினை. அந்தச் சாக்கில் எந்தக் காலத்துச் சிமெண்ட் தூள் இருந்ததோ தெரியவில்லை. கோரிப்பாளையம் தாண்டி அண்ணா நகர் வந்து பிரித்துப் பார்த்தால், முன்பக்கம் முழுவதும் பூனை பிறாண்டியதுபோல் கோடுகள்.

போதாக்குறைக்கு, உட்புறம் பழைய நீர்மட்டத்தில் படிந்திருந்த வெள்ளை உப்புக் கோட்டைப் பார்த்து அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. நான் வேலைக்குப் போன நேரத்தில் கம்பி நாரைப் போட்டுத் தேய்த்துவிட்டார். உப்பும் போயிற்று, பளபளப்பும் போயிற்று. "பாத்திரம் மாதிரிதானே இருக்கிறது" என்றார். வினிகரைத் துணியில் நனைத்துக் கால் மணி நேரம் ஒட்டவைத்திருந்தால் அந்த உப்பு தானாகக் கரைந்து வந்திருக்கும். அதை அன்று எனக்கே யாரும் சொல்லியிருக்கவில்லை.

சித்திரைத் திருவிழாவுக்கு உறவினர்கள் வருவார்கள். அழகர் ஆற்றில் இறங்குவதற்குள் தொட்டியைக் கூடத்தில் வைத்துவிட வேண்டும் என்பது கணக்கு. கையில் நான்கு நாள்.

முதலில் பற்பசை. மிக லேசான கோடுகள் மங்கின, மற்றவை அப்படியே நின்றன. அப்போதுதான் நகத்தை வைத்துப் பார்த்தேன். கீறலுக்குக் குறுக்கே நகத்தை இழுத்தால் தட்டுகிறதா, வழுக்கிப் போகிறதா என்பதுதான் சோதனை. வழுக்கினால் பாலிஷ் போதும். தட்டினால் வாட்டர் பேப்பர், அதாவது தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள், இல்லாமல் முடியாது. எனக்கு ஏழெட்டு இடத்தில் தட்டியது.

டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் போய் 600, 1000, 1500, 2000, 2500 என்று ஐந்து நம்பரிலும் (நம்பர் ஏற ஏறத் தாள் நைசாகும்) இரண்டிரண்டு தாள் வாங்கி வந்தேன். மொட்டை மாடியில் காலை ஆறு மணிக்கே உட்கார்ந்துவிட்டேன், சித்திரை வெயிலில் எட்டு மணிக்கு மேல் தண்ணீர் ஊற்ற ஊற்றக் காய்ந்துவிடும் என்பதால். வாளித் தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு. 600ஐ வைத்து நாலு இழுப்பு இழுத்ததும் நெஞ்சு பதறியது. தெளிவாக இருந்த பலகை, மோர் கொட்டியதுபோல் வெளுத்துவிட்டது. இனி இது தொட்டியே இல்லை என்று நினைத்தேன்.

பயத்தில் ஒரு தப்பு செய்தேன். இடது மூலைக்குப் பக்கத்தில் ஆழமான ஒரு கோடு. அதை மட்டும் தனியாகப் போக்கிவிடலாம் என்று தாளை விரல் நுனியில் சுற்றி, அந்தக் கோட்டின் மேலேயே அரை மணி நேரம் தேய்த்தேன். கோடு போய்விட்டது. என்ன ஆயிற்று என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

வேறு யாராவது கையால் தேய்த்திருக்கிறீர்களா?

மேலூர்க்காரன் எழுதியது:

தம்பி, நான் எட்டு வருடம் கிரானைட் பாலிஷ் போட்டவன். கல்லில் செய்வதும் இதுவும் ஒரே வேலைதான், கல் பொறுத்துக்கொள்ளும், அக்ரிலிக் பொறுக்காது, அவ்வளவுதான் வித்தியாசம்.

கீறலை யாரும் அகற்றுவதில்லை. கீறல் என்பது ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தின் ஆழத்துக்குச் சுற்றியிருக்கும் மேட்டையெல்லாம் இறக்குகிறோம். அதனால்தான் கோட்டை மட்டும் தேய்க்கக் கூடாது. நாலு பக்கமும் ஒரு சாண் அகலத்துக்காவது பரப்பித் தேய்க்க வேண்டும். விரலால் தேய்த்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள், படித்தவுடனே தலையில் கை வைத்துக்கொண்டேன். பழைய ஹவாய் செருப்பை உள்ளங்கை அளவுக்கு வெட்டி அதன்மேல் தாளைச் சுற்றுங்கள். அழுத்தம் ஒரே மாதிரி விழும்.

இரண்டாவது, ஒவ்வொரு நம்பருக்கும் திசையை மாற்ற வேண்டும். 600ஐ மேலும் கீழுமாக ஓட்டினால் 1000ஐ இடமும் வலமுமாக ஓட்டுங்கள். முந்தைய நம்பரின் கோடு ஒன்று மிச்சம் இருந்தாலும் குறுக்கே நின்று காட்டிக்கொடுத்துவிடும். அது முழுக்கப் போகாமல் அடுத்த நம்பருக்குப் போகிறவன் கடைசியில் திரும்ப முதலுக்கே வருவான். எங்கள் பட்டறையில் அப்படித் திரும்ப வந்தவர்கள் நிறையப் பேர், நானும் ஒருவன்.

நம்பர் மாற்றும்போது வாளித் தண்ணீரையும் மாற்றுங்கள். 600இலிருந்து உதிர்ந்த ஒரே ஒரு பொடி 2000க்கு அடியில் மாட்டினால் அரை நாள் வேலை போச்சு.

டிரில்லில் பஃப் (பாலிஷ் போடும் சக்கரம்) மாட்டி ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கிரானைட் நினைப்பில் என் தங்கை வீட்டுத் தொட்டியில் நான் அதைத்தான் செய்தேன். அக்ரிலிக் நூறு டிகிரியைத் தாண்டினாலே இளகிவிடும். ஒரே இடத்தில் சக்கரம் நின்று சுற்றியதில் மேல்தோல் உருகி, நெய் வழிந்து உறைந்ததுபோல் இழுவிக்கொண்டது. தங்கை ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பக்கத்தைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்துவிட்டாள்.

திருநகர் டீச்சர் எழுதியது:

என் கதை கீறலை விட மோசம். தொட்டியின் பின்புறம் ஒட்டியிருந்த கடல் படத்தைப் பிய்த்தபோது பசை அப்படியே நின்றுவிட்டது. ஹார்டுவேர் கடையில் கேட்டேன், தின்னரைத் தொட்டுத் துடைக்கச் சொன்னார்கள். துடைத்த அன்று ஒன்றும் தெரியவில்லை. இரண்டு நாள் கழித்து, வளைந்த மூலையில் மட்டும் சிலந்தி வலைபோல் நுண்ணிய வெடிப்புகள். அவை மேலே விழுந்த கீறல்கள் அல்ல, உள்ளே ஓடியவை. வளைத்த இடத்தில் ஏற்கெனவே இழுவிசை இருக்கும். தின்னர், ஸ்பிரிட், அசிட்டோன் போன்றவை பட்டால் அங்கேதான் முதலில் விரியும். அதை எந்த நம்பர் தாளாலும் தேய்த்து எடுக்க முடியாது. 150 லிட்டர் தண்ணீரை அந்த மூலையை நம்பி ஊற்ற எனக்குத் துணிச்சல் வரவில்லை. இப்போது அதில் புதினா வளர்கிறது.

மிச்சப் பசையைப் பிறகு தேங்காய் எண்ணெய் தடவி ஊறவைத்து எடுத்தேன். அரை ஸ்பூன்தான் செலவானது. அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

இன்னொன்று. புதுத் தொட்டியில் கீறல் எதனால் வருகிறது என்று கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. பாசி துடைக்கும் காந்தத்துக்கும் சுவருக்கும் நடுவில் ஒரே ஒரு மணல் துணுக்கு. அடிமணலை ஒட்டித் துடைக்காமல் இரண்டு விரல் உயரம் விட்டுத் துடையுங்கள். பெரிதாக வளர்ந்த சக்கர் மீனும் அக்ரிலிக்கைச் சுரண்டிச் சுரண்டி மங்கலாக்கிவிடும், அதன் வாயே அரம்தான். தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று சொல்லித்தான் விற்கிறார்கள்!

வைகை வடகரை எழுதியது:

மேலூர் அண்ணா சொன்னபடி செருப்பை வெட்டினேன். அப்பாவின் பழைய செருப்பு, அவருக்கு இன்னும் தெரியாது. முன்பக்கம் முழுவதையும் மறுபடி 600இலிருந்து தொடங்கினேன். இரண்டு காலை. 2500 முடிந்து தண்ணீரை ஊற்றியபோது பலகை தெளிந்தது, காய்ந்ததும் திரும்ப மங்கியது. அதன் பிறகு கார் ஹெட்லைட்டுக்குப் போடும் பிளாஸ்டிக் பாலிஷ். துணிக்கு அம்மாவின் பழைய சுங்குடிப் புடவை. இருபது வருடம் துவைத்துத் துவைத்துப் பஞ்சாகிவிட்ட பருத்தி. வட்டவட்டமாகத் தேய்க்கத் தேய்க்க, எதிர்வீட்டு மாடிக் கொடியில் காய்ந்த சட்டையின் பொத்தான்கூடத் தெரிய ஆரம்பித்தது.

உட்புறத்தில் அம்மா போட்ட கோலத்தை என்ன செய்வது என்று மலைத்துப் போயிருந்தேன். உள்ளே பாலிஷ் போட்டால் எவ்வளவு கழுவினாலும் மிச்சம் மீனுக்கு ஆகாதே என்ற பயம். அந்த நேரத்தில் மைத்துனர் ஈரக் கையால் உள்ளே தடவினார், கோடுகள் பாதி காணாமல் போயின. ஒளியை எவ்வளவு வளைக்கும் என்பதைச் சொல்லும் ஒளிவிலகல் எண் அக்ரிலிக்குக்கு 1.49, தண்ணீருக்கு 1.33, காற்றுக்கு 1. கீறலுக்குள் காற்று இருந்தால் வித்தியாசம் அதிகம், கோடு மின்னும். தண்ணீர் நிரம்பினால் வித்தியாசம் குறைந்து கோடு அடங்கிவிடும். அதனால் உள்ளே 2500 வரை தாள் மட்டும் ஓட்டி, பாலிஷ் இல்லாமல் கழுவி விட்டுவிட்டேன். வெளிக் கீறலுக்கு இந்தச் சலுகை கிடையாது. உள்ளே தேய்க்க நினைப்பவர்கள் முதலில் தண்ணீர் நிரப்பிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள், பாதி வேலை மிச்சமாகலாம்.

ஏஞ்சல் மீன் நான்கும் அதுவரை பழைய சின்னத் தொட்டியில் இருந்தன. அந்தத் தண்ணீரையும் ஃபில்டர் பஞ்சையும் கழுவாமல் அப்படியே இதற்கு மாற்றினேன். அழகர் இறங்குவதற்கு முந்தைய இரவு பத்து மணிக்கு விளக்கைப் போட்டோம்.

அப்போதுதான் அந்த இடது மூலை. விரலால் அரை மணி நேரம் தேய்த்தேனே, அங்கே கீறல் இல்லை, ஆனால் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு குழி. கையால் தடவினால் தெரியாது. மீன் அந்த இடத்தைக் கடக்கும்போது மூக்கு முதலில் நீள்கிறது, பிறகு வயிறு நெளிகிறது, வால் சிறுத்து மறைகிறது. மறுநாள் வந்த உறவினர்களில் ஒருவரும் பளபளப்பைப் பற்றிப் பேசவில்லை. மைத்துனரின் மகள் மட்டும் அந்த மூலையில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு மீனாக வரும்வரை காத்திருந்தாள்.

சுற்றிலும் இறக்கினால் அந்தக் குழியைச் சமன் செய்யலாமா, மேலூர் அண்ணா? பலகையின் கனம் 10 மில்லிமீட்டர். அவள் கோடை விடுமுறை முடிந்து ஊருக்குப் போன பிறகு செய்வதாக இருக்கிறேன்.