பள்ளியில் கூடலாமா, கூடாதா: கொரோனா நாள்களில் பெற்றோர் இரண்டுபட்டபோது உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள்

காவிரிக்கரை:

பன்னிரண்டாம் வகுப்புப் பிரிவு உபசார விழாவுக்காக எங்கள் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் நடந்த சண்டையைப் பற்றி எழுத வேண்டும் என்று பல முறை எண்ணி, ஒவ்வொரு முறையும் நிறுத்தியிருக்கிறேன். தஞ்சாவூர் மாவட்டத்தில் ஓர் உதவிபெறும் பெண்கள் பள்ளி. 2021 மார்ச் முதல் வாரம். ஜனவரி 19 அன்று பள்ளியைத் திறந்தபோது வகுப்பறைக்கு 25 பேர், வாசலில் வெப்பமானி, கையில் சத்து மாத்திரையும் துத்தநாக மாத்திரையும் என்று எல்லாம் ஒழுங்காகவே தொடங்கின. பிப்ரவரி முடிவதற்குள் எங்கள் பள்ளியில் அந்த 25 என்ற கணக்கு தளர்ந்துவிட்டது. அப்போதுதான் பட்டுப்புடவை, பிரியாணி, கூட்டுப் புகைப்படம் என்று விழாவுக்குப் பணம் திரட்ட ஆரம்பித்தார்கள்.

வீட்டில் எண்பது வயது மாமியார் இருந்ததால் நான் கடுமையாக எதிர்த்தேன். ஒரு வேளை பிரியாணிக்காகப் பெரியவர்களின் உயிரைப் பணயம் வைக்க வேண்டுமா என்று குழுவில் எழுதினேன். விழா வேண்டும் என்று மிகவும் வற்புறுத்தியவர் பேருந்து நிலையத்தருகே பூக்கட்டி விற்கும் ஓர் அம்மா. அவர் குடும்பத்தில் பன்னிரண்டாம் வகுப்பு வரை வந்த முதல் பெண் அவருடைய மகள். இறுதியில் விழா நடந்தது. மகள் அழுததால் நானும் அனுப்பினேன்.

வாசலில் அந்த அம்மா ஒரு கூடையுடன் நின்றுகொண்டிருந்தார். அந்த வகுப்புப் பெண்கள் அனைவருக்கும் முதல் நாள் இரவு முழுவதும் உட்கார்ந்து ஆளுக்கு ஒரு முழம் மல்லிகை கட்டிக்கொண்டு வந்திருந்தார். என் மகளை நோக்கி அவர் ஒரு சரத்தை நீட்டியபோது, நான் நடுவே கையை வைத்து, “வேண்டாம்மா, எத்தனை கை பட்டதோ” என்றேன். அவர் ஒரு வார்த்தையும் பேசாமல் அந்தச் சரத்தைச் சுருட்டி மறுபடி வாழையிலைக்குள் வைத்தார்.

அந்த மாதத்திலேயே எங்கள் மாவட்டத்தில் பள்ளி பள்ளியாக மாணவிகளுக்கும் ஆசிரியர்களுக்கும் தொற்று உறுதியாகி, நாளிதழ்களில் எல்லாம் தஞ்சாவூர் என்ற பெயர் அடிபட்டது. என்னோடு சண்டையிட்ட சிலர், நீங்கள் சொன்னது சரிதான் என்று எழுதினார்கள். ஆனால் நான் சரியாகச் சொன்னேனா? பூவைத் தடுத்த நான், சன்னலைச் சாத்திய ஓர் அரங்கில் மகள் இரண்டு மணி நேரம் நெருக்கியடித்து உட்காருவதைத் தடுக்கவில்லை. ஜூன் 5 அன்று பொதுத்தேர்வே இல்லை என்று அரசு அறிவித்துவிட்டதால், அந்தப் பெண்கள் எல்லோரும் ஒன்றாகச் சேர்ந்திருந்த கடைசி நாள் அதுவாகிவிட்டது. கூட்டுப் புகைப்படம் எங்கள் வீட்டிலும் இருக்கிறது. அதில் பூ வைக்காத தலை என் மகளுடையது மட்டும்தான்.

தறிச்சத்தம்:

என்னுடையது இதற்கு முந்தைய கதை. 2020 நவம்பர் 9, கருத்துக்கேட்புக் கூட்டம். நவம்பர் 16 முதல் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை திறக்கலாமா என்று தமிழ்நாடு முழுவதும் பெற்றோரைப் பள்ளிக்கு வரவழைத்துக் கேட்டார்களே, அதே நாள்தான். பள்ளிபாளையம் பக்கம், அரசு உயர்நிலைப் பள்ளி. வேப்பமரத்தடியில் பெஞ்சுகளை இடைவெளிவிட்டுப் போட்டிருந்தார்கள்.

ஒரு பக்கம், ஆகஸ்டில் தந்தையைத் தொற்றுக்குப் பறிகொடுத்த ஒருவர், பொட்டலமாகக் கட்டித் தந்த உடலின் முகத்தைக் கூடத் தாம் பார்க்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். இன்னொரு பக்கம், விசைத்தறித் தொழிலாளி ஒருவர், தம் மகன் ஜூலையிலிருந்து பட்டறையில் தறிக்கான நூலைத் தார்க்குச்சியில் சுற்றுகிறான் என்றும், கையில் வாரக்கூலியைப் பார்த்துவிட்ட பையன் இன்னும் இரண்டு மாதம் போனால் பள்ளிக்குத் திரும்பவே மாட்டான் என்றும் சொன்னார். இருவருமே குரலை உயர்த்தவில்லை. ஆனால் ஒருவர் பேசும்போது மற்றவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

படிவம் கொடுத்தார்கள். நான் ‘இப்போது திறக்க வேண்டாம்’ என்று எழுதி முடித்திருந்தேன். அந்தத் தறித் தொழிலாளி, எழுதத் தெரியாது என்று தம் படிவத்தை என்னிடம் நீட்டினார். அவர் சொன்னபடியே ‘திறக்கலாம்’ என்று எழுதினேன். பையன் வேலைக்குப் போகிறான் என்பதையும் எழுதச் சொன்னார். அதற்கு இடமில்லை என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, கைநாட்டு வைத்துக் கொடுத்துவிட்டுப் போனார். இடம் இருந்தது. கீழே மூன்று வரி வெறுமையாகவே இருந்தது. மூன்று நாள் கழித்து, பள்ளி திறப்பு இல்லை என்று அறிவித்தார்கள்.

கரும்பலகை:

நான் தொடக்கப் பள்ளி ஆசிரியை. ஒன்று முதல் எட்டு வரையான வகுப்புகளை 2021 நவம்பர் 1 அன்று திறந்தபின், என் வகுப்பில் ஒரு குழந்தையின் பிறந்தநாளுக்கு அதன் தாய் மிட்டாய் கொடுத்தனுப்பினார். தன் பையனுக்குக் கொடுக்கக்கூடாது என்று இன்னொரு தந்தை சன்னலருகே வந்து நின்று சொன்னார். கொடுக்கவில்லை. அந்தச் சிறுவன், பக்கத்தில் இருந்த பிள்ளை எறிந்த மிட்டாய்த்தாளை எடுத்து நீவிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். என் அனுபவம் அவ்வளவுதான்.

ஆனால் காவிரிக்கரை எழுதியதற்குப் பதில் சொல்லாமல் போக முடியவில்லை. சகோதரி, அன்று உங்களுக்குத் தெரிந்திருந்ததை வைத்துத்தான் அன்றைய செயலை எடைபோட வேண்டும். தொட்ட பொருளின் வழியாகப் பரவும் என்றுதான் அதுவரை எல்லோரும் நமக்குச் சொல்லியிருந்தார்கள். காய்கறியை உப்பும் மஞ்சளும் கலந்த நீரில் கழுவினோம், பால் பாக்கெட்டைச் சோப்புப் போட்டுத் தேய்த்தோம். ஒரு பரப்பைத் தொடுவதால் தொற்றும் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் வெளிப்படையாக எழுதியது 2021 ஏப்ரலில். உங்கள் விழா நடந்ததோ மார்ச்சில். காற்றில் மிதக்கும் நுண்துகள் வழியாகவும் இது பரவும் என்பதை உலகச் சுகாதார நிறுவனம் தன் விளக்கக்குறிப்பில் தெளிவாக ஏற்றுக்கொண்டதும் அந்த ஏப்ரல் இறுதியில்தான். பெரிய நிறுவனங்களே அப்போதுதான் சொன்ன ஒன்றை, வீட்டில் முதியவரை வைத்துக்கொண்டு தனியாக முடிவெடுத்த ஒரு தாய் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

இன்னொன்றும் சொல்ல விரும்புகிறேன்; இதைப் பெற்றோர் யாவரும் இனிமேலாவது மனத்தில் வைக்க வேண்டும். விழா வேண்டுமா வேண்டாமா என்று சண்டையிடுவதே தவறான இடத்தில் தொடங்குகிறது. எங்கே, எவ்வளவு நேரம், எத்தனை பேர் என்று கேளுங்கள். கூரையும் நான்கு சுவரும் இல்லாத இடத்தில் ஒரு மணி நேரம் கூடுவதும், மூடிய அரங்கில் மூன்று மணி நேரம் மின்விசிறியின் கீழ் ஒரே காற்றை மூச்சுவிடுவதும் ஒன்றாகாது. உண்பதற்கு முகக்கவசத்தைக் கழற்றித்தான் ஆக வேண்டும் என்பதால் சாப்பாட்டைப் பொட்டலமாக வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். ஒலிபெருக்கி வைத்தால் யாரும் கத்திப் பேச வேண்டியிராது. கத்தும்போதும் பாடும்போதும் துகள்கள் மிகுதியாக வெளிப்படும். சன்னலைத் திறந்தால் கொசு வரும் என்று சொல்பவர்களுக்கு, வலை அடிப்பதற்கு ஆகும் செலவு ஒரு நாள் பிரியாணிச் செலவைவிடக் குறைவு என்று எடுத்துச் சொல்லுங்கள். வர விரும்பாத குழந்தைக்கும் படத்தில் ஓர் இடம் ஒதுக்குங்கள். மறுநாள் தனியாக எடுத்துச் சேர்க்கலாம். இவற்றை எழுத்தில் வைத்து, ஒவ்வொரு பெற்றோரிடமும் கையொப்பம் வாங்கிவிட்டால் பாதிச் சண்டை நின்றுவிடும்.

தாமிரபரணி:

ஆசிரியை அம்மா சொல்வதில் காற்றைப் பற்றியது முழுவதும் சரி. கையொப்பம் வாங்கினால் சண்டை நிற்கும் என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. எச்சரிக்கை என்ற பெயரில் பேசியவர்கள் எல்லோரும் தொற்றைப் பற்றித்தான் பேசினார்கள் என்று அவர் நம்புகிறார். நான் திறந்தவெளியில்தான் பிள்ளைகளைக் கூட்டினேன்.

அரசின் மாலைநேரக் கற்பித்தல் திட்டமான இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலராக இருந்தேன். ஓர் ஆளுக்கு இருபது பிள்ளைகள், மாலை ஐந்திலிருந்து ஏழுக்குள் ஒன்றரை மணி நேரம். எங்கள் ஊர்ப் பள்ளியின் திறந்த தாழ்வாரத்தில் நடத்தினேன். தெற்கே வயல், காற்றுக்குக் குறைவே இல்லை. ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து ஒரு பாய் கொண்டுவரும். முதல் வாரம் முடிவதற்குள் ஒரு தாயார் வந்து, தொற்றுக்காலமாக இருப்பதால் காலனிப் பிள்ளைகளைத் தனி வரிசையில் உட்கார வைக்கும்படி சொன்னார். எல்லோருக்கும் நடுவே இடைவெளி இருக்கிறதே என்றேன். “அதில்லம்மா, நோய் யார்கிட்ட இருந்து வரும்னு யாருக்குத் தெரியும்?” என்றார். அதே தாயார் முந்தின வாரம் முந்நூறு பேர் கூடிய ஒரு சடங்கு வீட்டில் முகக்கவசம் இல்லாமல் பந்தி விசாரித்துக்கொண்டிருந்ததை நான் கண்ணால் பார்த்தவள்.

நான் மறுத்துவிட்டேன். மறுநாள் அவர் மகள், மூன்றாம் வகுப்புக் குழந்தை, தானாகவே தன் பாயை இழுத்து இழுத்துத் தாழ்வாரத்தின் கடைசிக்குப் போய், சுவரைப் பார்த்து உட்கார்ந்தது. சிமெண்டுத் தரையில் கோரைப்பாய் உரசிய அந்தச் சத்தம் கேட்டுத்தான் மற்ற பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு, அடுத்த தெருப் பிள்ளைகள் இருவரும் எழுந்து தங்கள் பாயைச் சுருட்டினார்கள். அவர்களை நான் உட்காரச் சொன்னேன், உட்கார்ந்தார்கள். ஆனால் அந்தக் குழந்தையை எழுப்பி இந்தப் பக்கம் கொண்டுவர எனக்கு அன்று துணிவில்லை. அம்மா, இதற்கு எந்தப் படிவத்தில் யாரிடம் கையொப்பம் வாங்குவது?

இரண்டாம் வரிசை:

எங்கள் சண்டை பள்ளியோடு இல்லை, வீட்டுக்குள். கணவருக்குச் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை நடந்திருந்தது. உடல் புதிய உறுப்பை ஏற்பதற்காக எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மாத்திரைகளைத் தினமும் உட்கொள்கிறார். 2022 மார்ச் இறுதியில் மகளின் யு.கே.ஜி. ஆண்டுவிழா, சென்னையில், குளிரூட்டிய அரங்கம். முன்னெச்சரிக்கைத் தவணை என்ற மூன்றாவது கொரோனா ஊசியை அந்த ஜனவரி 10 முதல் போட ஆரம்பித்திருந்தார்கள். ஆனால் இணைநோய் உள்ளவர்களில் 60 வயதைக் கடந்தவர்களுக்குத்தான் போட்டார்கள், அவருக்கு 41. மகளின் வயதினருக்கோ ஊசியே வரவில்லை. யாருமே போகக்கூடாது, மகள் ஆடவும் கூடாது என்று நான் சொன்னேன். தம் நோய் குழந்தையின் மேடையைப் பறிக்கக்கூடாது என்று அவர் சொன்னார். மூன்று நாள் பேச்சில்லை.

அவரே மகளுக்கு முகக்கவசம் மாட்டிக் கூட்டிச்சென்றார், ஆனால் உள்ளே போகவில்லை. அரங்கின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றார். நான் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மயில் வேடத்தில் வந்த மகள் என்னைப் பார்த்துவிட்டு, எனக்குப் பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியைப் பார்த்து, ஆட்டத்தை நிறுத்திவிட்டாள். பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. அவர் வெளியிலிருந்து கண்ணாடியில் கையை வைத்து அசைத்ததை நான் பார்த்தேன். விளக்கு வெளிச்சத்தில் அவள் பார்க்கவில்லை. நான் எழுந்து கதவுப் பக்கம் கைகாட்டியிருக்கலாம். என் கோபம் இன்னும் ஆறாததால் உட்கார்ந்தே இருந்தேன்.

காவிரிக்கரை:

கரும்பலகை அம்மாவுக்கு நன்றி. எனக்காக இவ்வளவு தேடி எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அந்தச் சரத்தை வாங்கி என் கைப்பையில் வைத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து கையைக் கழுவியிருக்கலாம் என்பது எனக்கு அந்த மார்ச்சிலேயே தெரியும். அதற்கு எந்த நிறுவனத்தின் அறிவிப்பும் தேவைப்பட்டிருக்காது. பேருந்து நிலையத்தில் அவர் கடை இருந்த இடத்தில் இப்போது வேறொருவர் இருக்கிறார்.

தறிச்சத்தம் ஐயா, அந்தப் பையன் திரும்பிப் பள்ளிக்கு வந்தானா?

தறிச்சத்தம்:

இல்லை. ஒன்பதாம் வகுப்பு 2021 பிப்ரவரி 8 அன்று திறந்தது. அன்றும் வரவில்லை, அதற்குப் பிறகும் வரவில்லை. பிப்ரவரி 25 அன்று ஒன்பது, பத்து, பதினொன்று மூன்று வகுப்புகளுக்கும் தேர்வின்றித் தேர்ச்சி என்று சட்டமன்றத்தில் அறிவித்ததால், பள்ளிப் பதிவேட்டின்படி அவன் பத்தாம் வகுப்புக்குப் போய்விட்டான். செப்டம்பரில் மறுபடி திறந்தபோது வகுப்பாசிரியர் இரண்டு முறை அவன் வீட்டுக்குப் போய்வந்தார். அதற்குள் அவனுக்கு நான்கு தறி ஓட்டத் தெரிந்துவிட்டது.

அவன் தந்தையை வாரச்சந்தையில் பார்ப்பதுண்டு. எனக்குப் படிவம் எழுதிக் கொடுத்தவர் என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிட்டு, என்னைப் பார்த்துக் கும்பிடுகிறார். அந்த மூன்று வரியைப் பற்றி அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை.