புதுப்பிப்பு: கோத்தகிரி மீன் குளம், மழைக்குப் பின் பி.எச். 5.8 (சரியாகிவிட்டது)

யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றி. ஐப்பசி மழையில் தேயிலைச் சரிவிலிருந்து செம்மண் இறங்கி, 10 சென்ட் குளத்துத் தண்ணீர் அமிலமாகி (பி.எச். 7-க்குக் கீழே), காரத்தன்மை (பி.எச். திடீரென மாறாமல் தாங்கும் திறன்) 15 பிபிஎம் ஆகக் குறைந்து, சாதாக் கெண்டை தீனி எடுக்காததைக் கேட்டிருந்தேன்.

கைகொடுத்தது விவசாயச் சுண்ணாம்புதான் (சுடாமல் பொடித்த சுண்ணாம்புக்கல்). 20 கிலோ தூளைக் கூழாகக் கலக்கி, இரண்டு தவணையாகக் காலையில் குளம் முழுக்க வீசினோம். இப்போது பி.எச். 7.2, காரத்தன்மை 40. சுட்ட சுண்ணாம்பை மட்டும் மீன் இருக்கும்போது போடவே போடாதீர்கள், பி.எச். ஒரேயடியாக ஏறினால் மீன் கழிவிலிருந்து தண்ணீரில் சேரும் அம்மோனியா நஞ்சாகிவிடும். படிகாரம் கலங்கலைத் தெளியவைக்கும், ஆனால் இருக்கிற காரத்தன்மையையும் தின்றுவிடும். காரத்தன்மை குறைந்த இந்த மலைத் தண்ணீருக்கு அது ஆகாது.

எதிர்பாராதது: சுண்ணாம்பிலேயே கலங்கலும் பாதி படிந்தது. மீதிக்கு, மேட்டுப்பக்கம் வாய்க்கால் வெட்டி மழைநீரைத் திருப்பிவிட்டோம். மார்கழிப் பனியில் தண்ணீர் 15 டிகிரிக்குக் கீழே போனால் தீனியைப் பாதியாக்குங்கள்; மிஞ்சுவது அடியில் அழுகி ஆக்சிஜனைக் குறைக்கும்.