கிராமத்தில் நெட்: உங்கள் ஊர் அனுபவம் என்ன?

கல்வராயன் மலையிலிருந்து, இ-சேவை மையம் நடத்துபவர்:

எங்கள் மலையில் டவர் எழும்பியபோது கஷ்டம் தீர்ந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். போனில் நான்கு புள்ளி காட்டும், ஆனால் சாதிச் சான்றிதழ் விண்ணப்பப் பக்கம் திறக்காது. காட்டு வழியே நடந்து வந்த பாட்டிகள் திண்ணையில் காத்துக் கிடப்பார்கள். டவரைப் பார்க்க வந்த ஒரு தம்பிதான் காரணம் சொன்னார். இந்த டவருக்கு ஃபைபர், அதாவது ஒளியில் தகவல் கடத்தும் கண்ணாடி இழைக் கேபிள், கிடையாது. எதிரே இருக்கும் மலையின் டவரிலிருந்து மைக்ரோவேவ் வழியாக, அதாவது கம்பியில்லாமல் ரேடியோ அலையில், இணைப்பு வருகிறது. அந்தப் பாதை சின்னது. சாயங்காலம் ஊரே வீடியோ பார்க்க ஆரம்பித்தால், குடிநீர்க் குழாயில் கடைசி வீட்டுக்குத் தண்ணீர் சொட்டுகிற மாதிரிதான்.

கரண்ட் போனால் பேட்டரி தாங்கும் வரைக்கும் சிக்னல். அப்புறம் ஜெனரேட்டருக்கு டீசல் போட ஆள் மலையேறி வரவேண்டும். நூறு குடும்பம் உள்ள ஊரில் கம்பெனிக்கு என்ன லாபம் வரும்? அதற்காகத்தானே தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வருவாயில் 5 சதவீதத்தை அரசு ஒரு நிதிக்கென்று வாங்கியது? அந்தப் பணம் மலைக்கு வந்தே ஆகவேண்டும்.

விருதுநகர் பக்கம், கேபிள் ஜாயிண்ட் போடுபவர்:

அண்ணா, ஃபைபர் வந்த ஊரின் கதையையும் கேளுங்கள். தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளுக்கும் 1 ஜிபிபிஎஸ் வேகத்தில் இணைப்பு கொடுக்க ரூ.1,815 கோடியில் திட்டம் போட்டு, 2022 ஜூனில் வேலையைத் தொடங்கினார்கள். கேபிள் பெரும்பாலும் மின்கம்பத்திலேயே போகிறது. பள்ளம் தோண்டவேண்டாம், வேலை சீக்கிரம் முடியும். ஆனால் வைக்கோல் ஏற்றிய லாரி ஒன்று போதும், இழுத்துக்கொண்டு போய்விடும். மண்ணுக்குள் போன கேபிளுக்கு ஜேசிபிதான் எமன். சாலை அகலப்படுத்த வருகிறவரும் குடிநீர்க் குழாய் பதிக்க வருகிறவரும் முன்கூட்டிச் சொல்வதே இல்லை.

எங்கே அறுந்தது என்று கண்டுபிடிப்பது எளிது. ஓடிடிஆர் கருவி ஒளியை அனுப்பி, இத்தனையாவது கிலோமீட்டர் என்று காட்டிவிடும். கஷ்டம் அதற்குப் பிறகுதான். ஆள், வண்டி, கேபிள் மூன்றும் கைவசம் இருந்தால் அன்றைக்கே ஒட்டிவிடலாம். பராமரிப்புக்குப் பணம் ஒதுக்காத இடத்தில் மாதக்கணக்கில் தொங்கும். ஊராட்சிகளுக்கு ஃபைபர் கொண்டுபோகும் மத்திய அரசுத் திட்டமான பாரத்நெட்டின் தொடக்க காலத்தில் ஊராட்சி ஒன்றியத்திலிருந்து ஊராட்சிகளுக்குக் கேபிள் நேர்கோட்டில் போனது. நடுவில் அறுந்தால் அதற்கு அப்பால் உள்ள ஊர்கள் எல்லாம் இருட்டு. 2023 ஆகஸ்டில் ரூ.1,39,579 கோடி ஒதுக்கி, வளையமாக இணைக்கவும் 10 ஆண்டுகள் பராமரிக்கவும் முடிவெடுத்தார்கள். வளையம் என்றால் ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்கம் வழியாக நெட் ஓடும். என்னைக் கேட்டால், அந்த 10 ஆண்டு பராமரிப்புதான் எல்லாவற்றிலும் முக்கியம்.

கடம்பூர் மலை, ஆசிரியை:

ஊராட்சி அலுவலகம் வரைக்கும் கேபிள் வந்துவிட்டது. எங்கள் பள்ளிக்கூடம் அங்கிருந்து இரண்டு குன்று தள்ளி இருக்கிறது. ரேஷன் கடைக்காரர் சிக்னல் தேடிக் கைரேகை மெஷினைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு வருகிறார். கம்பு ஊன்றி நடக்கிறவர்களும் பின்னாலேயே ஏறுகிறார்கள். அலுவலகப் பெட்டியிலிருந்து பள்ளிக்கு இணைப்பு இழுக்க யாரைக் கேட்பது என்று இங்கே யாருக்கும் தெரியவில்லை. யாராவது செய்திருந்தால் சொல்லுங்களேன்.

கல்வராயன் மலையிலிருந்து:

டீச்சர், முதலில் கிராம சபையில் தீர்மானமாக எழுதுங்கள். பள்ளி, ரேஷன் கடை, துணை சுகாதார நிலையம் மூன்றையும் பெயர் சொல்லிச் சேருங்கள், தூரத்தையும் குறிப்பிடுங்கள். நாங்கள் மே 1 அன்று அப்படித்தான் எழுதி, நகலை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கொடுத்து ரசீது வாங்கி வைத்திருக்கிறோம். இணைப்பு இன்னும் வரவில்லை. அளவெடுக்க ஆள் வந்து போயிருக்கிறார்கள். எங்கள் தீர்மானத்தின் வாசகத்தை நாளைக்கு இங்கே போடுகிறேன்.