புதுப்பிப்பு: சொந்தமாகக் கட்டும் விமானத்துக்கு எந்த உறை போட்ட வயர்?

நானே கட்டும் விமானத்தின் மின் வயரிங்குக்கு பிவிசி உறை போட்ட வயரா, டெஃப்செல்லா (Tefzel, ETFE என்ற பிளாஸ்டிக் உறை), கேப்டனா (Kapton, பாலிஇமைடு என்ற பிளாஸ்டிக் உறை) என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி, வயரிங் முடிந்துவிட்டது.

டெஃப்செல்லையே போட்டேன், மில்-டபிள்யூ-22759/16 (அமெரிக்க ராணுவத் தர எண்) வகை. 150 டிகிரி செல்சியஸ், 600 வோல்ட் வரை தாங்கும், சாதாரண பிவிசி 105 டிகிரியோடு நின்றுவிடும். கேப்டன் உறை உரசிக் கிழிந்தால் பொறி பறந்து கரியாகி அந்தக் கரியே மின்சாரத்தைக் கடத்தும் என்று ஒருவர் எச்சரித்தாரே, அதைப் படித்ததுமே அதை விட்டுவிட்டேன். வெட்டவெளியில் இரண்டு துண்டுகளைத் தீயில் காட்டியும் பார்த்தேன். பிவிசி கரும்புகையாகக் கக்கியது, டெஃப்செல் உருகிக் கருகியது, தீயை எடுத்ததும் அணைந்துவிட்டது. ஆனால் அதன் புகையும் நச்சுதான், மூடிய அறையில் யாரும் செய்து பார்க்காதீர்கள்.

எதிர்பாராதது இரண்டு. உறை கெட்டியாகவும் வழுக்கலாகவும் இருப்பதால் என் பழைய ஸ்ட்ரிப்பர் (உறையை உரிக்கும் கருவி) 22 கேஜ் தடிமன் வயரின் 19 இழைகளில் மூன்றை வெட்டிவிட்டது, லென்ஸ் வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அப்புறம் அளவுக்கேற்ற துளை வைத்த ஸ்ட்ரிப்பர் வாங்கிய பிறகு ஒரு இழைகூடப் போகவில்லை. அடுத்தது, இந்த உறை மெலிசு, தடித்த பிவிசிக்கான டெர்மினலின் (வயர் முனையில் நசுக்கிப் பொருத்தும் உலோகத் துண்டு) பின்பிடி, அதாவது உறையைக் கவ்வும் பகுதி, இதைப் பிடிக்கவே இல்லை, கையால் இழுத்தாலே ஆடியது. டெர்மினல் வாங்கும்போது உறையின் வெளிவிட்டத்தையும் பார்த்து வாங்குங்கள்.