ரைல்ஸ் டியூப்பில் கஞ்சி கொடுப்பவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்க

வணக்கமுங்க. கோபி பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். பக்கவாதம் வந்து எங்க அப்புச்சிக்கு விழுங்க முடியாமல் போனதால், மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகிற ரைல்ஸ் டியூப் போட்டு பத்து நாள் முன்னால் வீட்டுக்கு அனுப்பினார்கள். தலைப்பக்கத்தை 30 முதல் 45 டிகிரி வரை உயர்த்தி வைத்து, மூக்கருகே டியூப்பில் போட்ட அடையாளம் நகர்ந்திருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் பார்த்து, முன்னும் பின்னும் 30 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுத்தான் கொடுக்கிறேன். சிரிஞ்சை அழுத்துவதில்லை, தானாக இறங்கட்டும் என்று பிடித்துக்கொள்வேன். அப்புறம் ஒரு மணி நேரம் படுக்கவிடுவதில்லை.

சிக்கல் ராகிக் கஞ்சியில்தான். எத்தனை வடிகட்டினாலும் ஆறியதும் கெட்டியாகி நேற்று டியூப் அடைத்துக்கொண்டது, வெதுவெதுப்பான தண்ணீரை மெதுவாக விட்டு இழுத்து, அரை மணி நேரம் போராடித்தான் சரியானது, எனக்குக் கையே நடுங்கிவிட்டது. தண்ணியாகக் கரைத்தால் அடைக்கவில்லை, ஆனால் ஆள் இளைத்துக்கொண்டே போகிறார். அரிசிம்பருப்பு சோற்றை அவ்வளவு ஆசையாகச் சாப்பிட்ட மனுசர்.

சர்க்கரையும் இருக்கிறது. அடைக்காமல், புரதம் நிறைய இருக்கிற மாதிரி என்ன அரைத்துக் கொடுக்கலாம்? பாசிப்பருப்பு, முட்டை வெள்ளைக்கரு கொடுத்தவர்கள் அளவோடு சொல்லுங்க. குடலில் போய்க் கரைவதற்காக மேல்பூச்சு போட்ட மாத்திரையைப் பொடிக்கக் கூடாது என்று நர்ஸ் சொன்னார், அதற்குப் பதிலாக உங்களுக்கு டாக்டர் என்ன மாற்றிக் கொடுத்தார்? திங்கட்கிழமை நாங்களும் கேட்கப் போகிறோம். கோபி, சத்தியமங்கலம் பக்கம் வீட்டுக்கு வந்து பார்க்கிற நர்ஸ் யாராவது தெரிந்தாலும் சொல்லுங்க.