'டைரக்டரி சர்வீஸ்' என்பதற்குப் 'பயனர் பேரேடு': ஒரு முன்மொழிவு

நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பள்ளிக் கணினி ஆய்வகங்களுக்கான கையேட்டைத் தமிழாக்கும் பணி 'டைரக்டரி' என்ற சொல்லில் வந்து நிற்கிறது. கோப்புகளை அடுக்கி வைக்கும் இடத்துக்கு 'அடைவு' என்ற சொல் நிலைபெற்றுவிட்டது. அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால், பள்ளியிலுள்ள எல்லாப் பயனர்களின் பெயர், எண், குழு, கடவுச்சொல் விவரம் ஆகியவற்றை ஓரிடத்தில் வைத்துக்கொண்டு, ஆய்வகத்தின் எந்தக் கணினி கேட்டாலும் விடை தருகிற சேவையையும் 'அடைவுச் சேவை' என்றே எழுதுவது சரியல்ல. அதற்குப் 'பயனர் பேரேடு' என்ற சொல்லை முன்வைக்கிறேன்.

திருமங்கலம் பக்கத்துப் பள்ளி ஒன்றின் ஆய்வகப் பராமரிப்பில் நான் உதவி வருகிறேன். நம் வரைவில் 'புதிய மாணவரை அடைவில் சேர்க்கவும்' என்றிருந்த வரியைப் படித்த ஆசிரியை ஒருவர், வழங்கியில் (சர்வரில்) அந்த மாணவியின் பெயரால் ஓர் அடைவை உருவாக்கிவிட்டு, அவளால் ஏன் உள்நுழைய முடியவில்லை என்று கேட்டார். அவர் படித்ததில் பிழையே இல்லை. நாம் எழுதிய தமிழ் அதைத்தான் செய்யச் சொன்னது.

இந்தச் சேவை எதற்காகத் தேவைப்படுகிறது என்று பார்த்தால் சொல்லைத் தேர்வது எளிதாகும். லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் கணினியில் ஒரு கோப்பின் உரிமையாளராக வட்டில் பதிவாவது பெயரன்று, ஓர் எண். பெரும்பாலான லினக்ஸ் வகைகளில் இந்த எண் 1000-இல் தொடங்கி, கணக்குகள் உருவாக்கப்படும் வரிசையில் ஏறிக்கொண்டே போகும். ஒவ்வொரு கணினியிலும் தனித்தனியாகக் கணக்குத் தொடங்கினால், ஒன்றில் 1004 என்ற எண் ஒன்பதாம் வகுப்பு மாணவிக்கும், அடுத்ததில் அதே எண் பிளஸ் டூ மாணவருக்கும் போய்விடும். கோப்புகள் அந்தந்தக் கணினியிலேயே இருக்கும்வரை இதனால் கெடுதல் இல்லை. 1984-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் என்ற கணினி நிறுவனம் உருவாக்கிய, வலையமைப்பின் வழியே கோப்புகளைப் பகிரும் என்.எஃப்.எஸ். முறையில் எல்லாருடைய கோப்புகளையும் ஒரே வழங்கியில் வைத்தவுடன் சிக்கல் தொடங்குகிறது. வழக்கமான அமைப்பில் அந்த வழங்கி, கேட்கிற கணினி சொல்லும் எண்ணை அப்படியே நம்புவதால், மாணவி எழுதிய கட்டுரையை அந்த மாணவர் தன் கணினியிலிருந்து திறக்கலாம், திருத்தலாம், அழிக்கவும் செய்யலாம். கோப்புப் பட்டியலை எடுத்துப் பார்த்தால் உரிமையாளர் என்ற இடத்தில் அந்த மாணவரின் பெயரே நிற்கும்.

இந்தத் தொல்லைக்கு அஞ்சி, 'ஸ்டூடண்ட்' என்ற ஒரே பெயரையும் ஒரே கடவுச்சொல்லையும் வகுப்பு முழுவதற்கும் கொடுத்துவிடுகிற பழக்கம் இருக்கிறது. அதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். ஒருவரின் வேலையின்மேல் இன்னொருவர் சேமித்துவிட்டால் யார் செய்தது என்று கண்டறிய வழியில்லை. 'இது என் கோப்பு' என்று சொல்லும் உரிமை எந்தப் பிள்ளைக்கும் கிடைப்பதில்லை.

ஆகவே பெயரும் எண்ணும் பள்ளி முழுவதற்கும் ஓரிடத்தில் பதியப்பட வேண்டும். 1985-இல் சன் நிறுவனம் இதற்காகக் கொண்டுவந்த என்.ஐ.எஸ். சேவைக்கு முதலில் வைத்த பெயர் 'யெல்லோ பேஜஸ்'. பிரிட்டனில் அது பிரிட்டிஷ் டெலிகாமின் வணிகக் குறியாக இருந்ததால் பெயர் மாற்றப்பட்டது. அதன் கட்டளைகள் 'ஒய்.பி.' என்ற எழுத்துகளோடு தொடங்குவது அந்தப் பழைய பெயரின் மிச்சம். இத்தகைய சேவைகளுக்கான 1988-இன் எக்ஸ்.500 தரமும், அதை எளிதாக்கி 1993-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த எல்டாப் (LDAP) நெறிமுறையும், விண்டோஸ் 2000-உடன் வெளியான மைக்ரோசாஃப்டின் ஆக்டிவ் டைரக்டரியும் இதே வழியில் வந்தவை. இங்கெல்லாம் 'டைரக்டரி' என்பது நாம் டெலிபோன் டைரக்டரி என்று சொல்லிவந்த அந்தப் புத்தகத்தின் பொருளில் வருகிறதே தவிர, கோப்படைவின் பொருளில் வரவில்லை.

இனி 'பேரேடு'. பயனரின் 'அக்கவுண்ட்' என்பதைக் 'கணக்கு' என்று நாம் ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டோம். கணக்குகள் பேரேட்டில் இருப்பதுதான் முறை. மதுரைக் கீழமாசி வீதியின் மொத்த வியாபாரக் கடைகளில் புழங்கிய சொல் இது. பிளஸ் ஒன் கணக்குப்பதிவியல் படிக்கும் பிள்ளைக்கும் தெரிந்த சொல். குறிப்பேட்டில் நாள் வரிசைப்படி சிதறிக் கிடப்பவை பேரேட்டில் அவரவர் பெயரின்கீழ் ஒன்றுசேர்கின்றன. நம் சேவை செய்வதும் அதுவே.

'பதிவேடு' போதாதா என்று சென்ற மடலில் ஐயா ஒருவர் கேட்டிருந்தார். பள்ளியில் அந்தச் சொல் வருகைப் பதிவேட்டுக்கும் சேர்க்கைப் பதிவேட்டுக்கும் உரியதாகிவிட்டது. விண்டோஸ் தன் அமைப்பு விவரங்களை வைத்திருக்கும் 'ரிஜிஸ்ட்ரி'க்கும் சிலர் அதையே எழுதுகிறார்கள். எல்டாப் கிளைவிட்டுச் செல்லும் மர அமைப்புடையது, பேரேடு அப்படியில்லையே என்ற மறுப்பு வலுவானது. ஆயினும் பெரிய நிறுவனங்கள் கடனாளிகளுக்கும் கடனீந்தோருக்கும் தனித்தனிப் பேரேடு வைப்பதுபோல, 'ஆசிரியர் பேரேடு', 'மாணவர் பேரேடு' என்று கிளைகளைப் பெயரிட இடமிருக்கிறது. இன்னொரு வேறுபாட்டையும் மறைக்க வேண்டியதில்லை: வணிகப் பேரேட்டில் ஓயாமல் எழுதுவார்கள், பயனர் பேரேட்டில் சேர்க்கைக் காலமான ஜூனில் எழுதிவிட்டு, ஆண்டு முழுவதும் படித்துக்கொண்டிருப்போம். அதனால் பொருள் சிதைவதாக எனக்குத் தோன்றவில்லை.

உள்நுழைந்தவுடன் பயனருக்குக் கிடைக்கும் 'ஹோம் டைரக்டரி' கோப்படைவேயாதலால் அங்கே 'அடைவு' இருக்கட்டும். 'முகப்பு' என்பது இணையப் பக்கத்துக்குப் போய்விட்டது. 'இல்ல அடைவு' என்றால் வீட்டுக் கணினியில் உள்ளது என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்கிறார்கள். 'தன்னடைவு' பொருந்தும் என்பது என் கருத்து.

மேற்கண்டவை ஏற்கப்பட்டால் கையேட்டின் வரி இப்படி அமையும்: 'பயனர் பேரேட்டில் மாணவரின் கணக்கைத் தொடங்கவும், பிறகு கோப்பு வழங்கியில் அவருக்குத் தன்னடைவை உருவாக்கி, அவருடைய எண்ணையே அதன் உரிமையாளராக அமைக்கவும்.' தொடர்புடைய சொற்கள் 'பேரேட்டு வழங்கி', 'பேரேட்டுப் பதிவு' என வரும். ஒரு பதிவுக்குள் இருக்கும் பெயர், எண் போன்ற ஒவ்வொரு விவரத்தையும் குறிக்கும் 'ஆட்ரிபியூட்' என்பதற்குப் 'பண்பு', 'புலம்' இரண்டும் முன்மொழியப்பட்டுள்ளன. தரவுத்தளப் பகுதியில் 'ஃபீல்டு' என்பதற்குப் 'புலம்' என்று எழுதியிருப்பதால் இங்கே 'பண்பு' என்பதையே கொள்ளலாம் என நினைக்கிறேன். மாற்றுக் கருத்துடையோர் காரணத்தோடு எழுத வேண்டுகிறேன்.