24 ஸ்டீல் போன் (உள்ளே வைக்கிற கம்பி) இருந்தா நல்ல கார்செட்டா?

நிலா87: ஆன்லைன்ல ஒரு கார்செட் (நாடா இழுத்து இடுப்பை இறுக்குற உடுப்பு) பிடிச்சிருக்கு. "24 ஸ்டீல் போன், சாட்டின், முன்னாடி பஸ்க் கொக்கி"ன்னு போட்டிருக்காங்க, விலையும் கம்மி. வாங்கிடலாமா?

ஊசிமுனை: அவசரப்படாதீங்க. முதல்ல துணி என்னன்னு கேளுங்க. பின்னாடி நாடாவை இழுத்துக் கட்டினா அந்த இழுவை முழுக்கத் துணியும் தையலும்தான் தாங்கணும். போன்னு சொல்ற கம்பியோட வேலை துணி சுருங்காம நிமிர்த்திப் பிடிக்கிறது. 'கூட்டில்'னு ஒரு பருத்தித் துணி இருக்கு. மீன்முள் மாதிரி கோடு வர்ற ஹெர்ரிங்போன் நெசவு, ரொம்ப நெருக்கம், இழுத்தா நீளாது. நல்ல கார்செட்டுக்கு உள்ளே அது இருக்கும், சாட்டின் மேலே அழகுக்கு. வெறும் சாட்டினும் லைனிங்கும் வச்சுத் தைச்சதை இறுக்கினா தையல் ஓரத்துல நூல் விலகி ஓட்டை விழும்.

மேடைஉடை: இதுல பாதிதான் சரி. துணி எவ்வளவு கெட்டியா இருந்தாலும் கம்பி மோசம்னா இடுப்புல மடங்கி விலாவுல குத்தும். நான் நாடகத்துக்கு உடை தைக்கிறேன். மலிவு பிளாஸ்டிக் கம்பி உடம்புச் சூட்டுல வளைஞ்சு அப்படியே நின்னுடும். அதனால ஸ்டீல்னு போட்டிருக்கிறதே பெரிய விஷயம்.

ஊசிமுனை: ஸ்டீல்லயும் ரெண்டு வகை இருக்கே. சுருள் கம்பி பக்கவாட்டுலயும் வளையும், வளைஞ்ச தையல் மேல அது வேணும். தட்டைப் பட்டை முன்பின்னா மட்டும் வளையும். ஐலெட் (நாடா கோக்குற உலோக ஓட்டை) வரிசைக்கு ரெண்டு பக்கமும் அது நிக்கலைன்னா நாடாவை இழுத்ததும் முதுகுப்பக்கம் நெளிஞ்சு சுருங்கும். இந்த 24-ல எது எத்தனைன்னு போட்டிருக்காங்களா? பிளாஸ்டிக் எல்லாமே மோசம்னும் சொல்ல முடியாது. ஐரோப்பாவுல பல நூற்றாண்டு திமிங்கிலத்தோட வாய்த்தகட்டைக் கீறித்தான் போட்டாங்க. அதுக்கு மாற்றா ஜெர்மனியில செய்யுற பிளாஸ்டிக் போனை, பழைய பாணி உடை தைக்கிறவங்க விரும்பி வாங்குறாங்க.

மேடைஉடை: அதெல்லாம் அளவெடுத்துத் தைக்கிறவங்களுக்கு. ஒரு போட்டோஷூட்டுக்கு கவுன் மேல போட்டுக்க இவ்வளவு ஆராய்ச்சி தேவையில்ல. நிலா, நீங்க எதுக்கு வாங்குறீங்க?

நிலா87: இடுப்பை இறுக்கத்தான். அடிக்கடி போடுவேன்.

ஊசிமுனை: அப்போ உள்பக்கப் படம் கேளுங்க. இடுப்பு மட்டத்துல குறுக்கே ஒரு பட்டை நாடா ஓடணும், அதுதான் துணி விரியாமத் தடுக்கும். ஐலெட் பின்னாடி வாஷர்னு ஒரு வளையம் இருக்கணும். வாஷர் இல்லாம விளிம்பு பிளந்து நின்னா நாடாவை அறுக்கும், நாளடைவுல துணியை விட்டே கழன்று வரும். பேனலும், அதாவது சேர்த்துத் தைச்ச துணித் துண்டும், எண்ணுங்க. ஒரு பக்கத்துக்கு 4-க்குக் கீழே இருந்தா இடுப்பு வளைவே வராது, குழாய் மாதிரி நிக்கும்.

நிலா87: படம் அனுப்பிட்டாங்க. பக்கத்துக்கு 6 பேனல், இடுப்பு நாடா இருக்கு. ஐலெட்டுக்கு வாஷர் இல்ல. துணி என்னன்னு கேட்டா "காட்டன்"னு மட்டும் சொல்றாங்க.

மேடைஉடை: 6 பேனல் நல்லதுதான். ஐலெட்டைப் பிடுங்கிட்டு வாஷர் வச்சதா மாத்திக்கலாம். இந்த விலைக்கு நான்னா எடுப்பேன். முதல் நாளே முழுசா இறுக்காம இருந்தா போதும்.

ஊசிமுனை: ஐலெட்டை மாத்தலாம், துணியை மாத்த முடியாதே. என்ன காட்டன்னு சொல்லத் தெரியாத கடையில இறுக்கிக் கட்டுறதுக்கு நான் வாங்க மாட்டேன். வாங்கித்தான் ஆகணும்னா திருப்பி அனுப்ப எத்தனை நாள் கொடுக்குறாங்கன்னு முதல்ல கேட்டுக்கோங்க.